இருப்பு ஊரில், ஃபோன் கடலுக்கு அப்பால்: வெளிநாட்டில் ப்ரீபெய்டு சிம் எப்படி வேலை செய்கிறது?

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் ரோடு முடிகிற இடத்தில் நின்று செல்ஃபி எடுப்பவர்களில் சிலருக்கு ஃபோனில் ஒரு செய்தி வந்து விழும்: இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, கால்கூட நனையவில்லை. ஃபோன் மட்டும் கடல் தாண்டிவிட்டது. அங்கிருந்து இலங்கைக் கரையான தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 2ஜி கோபுரம் ஒன்றால் அதிகபட்சம் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஃபோனோடு பேச முடியும். அதற்கு மேல் போனால், சிக்னல் போய்த் திரும்ப ஆகும் நேரம் அந்தத் தொழில்நுட்பம் அனுமதிக்கிற அளவைத் தாண்டிவிடும். நிலத்தில் கட்டடமும் மரமும் மறிப்பதால் அந்தத் தூரம் பேச்சளவில்தான். கடலில் மறிக்க ஒன்றுமில்லை. முப்பது கிலோமீட்டர் சரியாக உள்ளே அடங்கிவிடுகிறது.

கடிகாரத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. 2006 ஏப்ரலில் இலங்கை தன் நேரத்தை இந்திய நேரத்தோடு சேர்த்துக்கொண்டதிலிருந்து இரண்டு கரையிலும் ஒரே மணிதான்.

இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நம் சிம் வேறொரு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் ஓடுகிற, ரோமிங் என்று நாம் சொல்கிற விஷயம் முழுக்க அந்த ஒரு நொடிக்குள் இருக்கிறது. சிம் கார்டுக்குள் அதற்கென்று ஒரு எண் உண்டு. நாம் பிறருக்குக் கொடுக்கிற பத்து இலக்க எண் இல்லை, அது வேறு. அந்த உள் எண்ணின் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405. இலங்கைக்கு 413. அமீரகத்துக்கு 424, சவூதிக்கு 420, மலேசியாவுக்கு 502, சிங்கப்பூருக்கு 525. தலைமன்னார்ப் பக்கத்துக் கோபுரம் 404 என்று பார்த்ததும், "இவர் உங்கள் ஆளா? சேவை கொடுக்கலாமா?" என்று இந்தியாவில் இருக்கிற நம் நிறுவனத்தைக் கேட்கும். நம் எண்ணில் சர்வதேச ரோமிங் திறந்திருந்தால் "கொடு" என்று பதில் போகும். இல்லாவிட்டால் ஃபோன் சிக்னல் இல்லாமல் சும்மா கிடக்கும், காசும் போகாது. ஆகவே அரிச்சல்முனையில் அந்தச் செய்தி வருகிறதென்றால், எப்போதோ கொழும்பு போனபோது திறந்த ரோமிங்கை நீங்கள் இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். ஊருக்கு வந்ததும் மூடிவிடுவது நல்லது. முடியாவிட்டால் அங்கே நிற்கிற நேரத்துக்கு மட்டும் செட்டிங்கில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து நம் நிறுவனத்தையே வைத்துக்கொள்ளலாம். திரும்பும்போது அதை மறக்காமல் "தானியங்கி"க்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் வேறு மாநிலமோ வேறு நாடோ போகும்போது ஃபோன் அந்தப் பழைய பெயரையே தேடிக்கொண்டு நிற்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்து இந்தக் கரையில் ஃபோன் கடல் தாண்டுவது அரிச்சல்முனை வேடிக்கையோடு முடிவதில்லை. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று எடுத்துக்கொண்டால் வீட்டுக்கு ஒரு சபராளியாவது, அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவராவது, இருப்பார். துபாய், சவூதி, மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங், கொழும்பு. பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. மக்காவுக்கு உம்ராப் புனிதப் பயணம் போகிற பெரியவர்கள் கூட்டம் தனி. மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறுகிற இவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது ப்ரீபெய்டு சிம்தான். அதனால் போஸ்ட்பெய்டு காரருக்குச் சொல்கிற அறிவுரை இவர்களுக்கு முழுசாகப் பொருந்தாது.

பணம் எங்கே இருக்கிறது?

ப்ரீபெய்டில் நாம் போட்ட பணம் சிம்முக்குள் இல்லை, ஃபோனுக்குள்ளும் இல்லை. அது இந்தியாவில் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. ஊரில் இருக்கும்வரை இது நமக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. வெளிநாட்டில்தான் இது முன்னால் வந்து நிற்கும்.

போஸ்ட்பெய்டு ஆள் துபாயில் பேசினால், அங்கிருக்கிற நிறுவனம் கணக்கெழுதி வைத்து, பிற்பாடு இந்திய நிறுவனத்துக்கு அனுப்பும். அவசரமில்லை. ப்ரீபெய்டு ஆளுக்கு அப்படிக் கணக்கெழுதி வைக்க முடியாது. இருப்பு தீர்ந்த அடுத்த நொடி பேச்சை நிறுத்தியாக வேண்டும். ஊர் மளிகைக் கடையில் முன்பணம் கட்டி வைத்திருப்பவர் வெளியூர்க் கடையில் சாமான் எடுக்கிறார், அந்தக் கடைக்காரர் ஒவ்வொரு சாமானுக்கும் ஊர்க் கடைக்கு ஃபோன் போட்டு "இவர் கணக்கில் இன்னும் இருக்கா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நடக்கிறது. இப்படிப் பேச்சு நடக்கும்போதே கேட்டுக்கொள்வதற்கென்று கேமல் என்ற ஒரு நெறிமுறை வந்த பிறகுதான் ப்ரீபெய்டு ரோமிங் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்பு ப்ரீபெய்டுக்கு ரோமிங்கே கிடையாது என்பார்கள். இருந்த இடத்திலும் எண்ணைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து கணினி நம்மைத் திருப்பிக் கூப்பிட்டு, அப்புறம் எதிராளியை இணைக்கும்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு நிறுவனங்களும் சம்மதித்துக் கைகோத்திருக்க வேண்டும். ஒரு நாட்டில் நான்கு நிறுவனம் இருந்தால் நான்கும் நம் ப்ரீபெய்டு சிம்மை ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. நாம் வாங்குகிற ரோமிங் பேக்கிலும் "இந்த நாட்டில் இன்னின்ன நெட்வொர்க்" என்று ஒரு பட்டியல் இருக்கும். யாரும் படிப்பதில்லை. பட்டியலில் இல்லாத நெட்வொர்க்கில் ஃபோன் போய் ஒட்டிக்கொண்டால், பேக் வாங்கியும் வாங்காத விலைதான். அந்த விலை பயங்கரமானது. இறங்கியதும் திரையின் மேல் ஓரத்தில் என்ன பெயர் தெரிகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது, பேக் விலையை இணையத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதைவிடப் பிரயோஜனமானது.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர் டேட்டாவை அணைக்க மறந்துவிட்டு ஊர் திரும்பினால், ஆயிரக்கணக்கில் பில் வந்து காத்திருக்கும். ப்ரீபெய்டில் அதிகபட்ச நஷ்டம் உள்ளே போட்ட பணம்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே, குறுகிய பயணம் போகிற சாதாரண ஆளுக்கு ப்ரீபெய்டே பாதுகாப்பு என்பது என் கட்சி.

வருகிற அழைப்புக்குக் காசா?

இந்தியாவில் 2003 மே 1 முதல் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை. அதற்கு முன்னால் ஃபோன் மணி அடித்தால் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்த காலம் ஒன்று இருந்ததே இன்றைக்கு இருபது வயதுக்காரருக்குத் தெரியாது. அதனால்தான் வெளிநாட்டில், "நான் யாரையும் கூப்பிடவில்லையே, காசு எப்படிப் போச்சு?" என்று திகைக்கிறார்கள்.

காரணம் எளிது. ராமநாதபுரத்தில் இருக்கிற மச்சான் உங்கள் இந்திய எண்ணைக் கூப்பிடுகிறார். நீங்கள் ஊரில் இருப்பதாகத்தான் அவருக்குக் கணக்கு. அவர் உள்ளூர்ப் பேச்சுக்குத்தான் பொறுப்பு. இந்தியாவிலிருந்து துபாய் வரை அந்த அழைப்பைச் சுமந்துகொண்டு போகிற செலவு உங்கள் தலையில்.

இதில் ஒரு கூத்து உண்டு. உம்ராவுக்கு ஒரே குழுவாகப் போன இரண்டு பேர் மக்காவில் ஒரே ஹோட்டலில் தங்கியிருக்கிறார்கள். மாடியில் இருப்பவர் கீழே இருப்பவரின் இந்திய எண்ணுக்கு, "காக்கா, கிளம்பியாச்சா?" என்று கேட்க ஃபோன் போடுகிறார். அந்த அழைப்பு மக்காவிலிருந்து இந்தியா வந்து, இந்தியாவிலிருந்து மறுபடி மக்கா போகிறது. கூப்பிட்டவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு. படியிறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம்.

எடுக்காத அழைப்புக்குக் காசு இல்லை. ஆனால் "எடுக்காவிட்டால் வேறு எண்ணுக்கு அனுப்பு" என்று அழைப்புத் திருப்பல் போட்டு வைத்திருந்தால் சிக்கல். அழைப்பு துபாய் வரை வந்து, அங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பும். இரண்டு நீளத்துக்கும் நீங்கள்தான். கிளம்பும் முன் அதை எடுத்துவிடுங்கள்.

குறுஞ்செய்தி மட்டும் விதிவிலக்கு. ரோமிங்கில் வருகிற செய்தியைப் பெறக் காசு இல்லை, அனுப்பத்தான் காசு. மேலே சொன்ன செலவுக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டாலும் இதை மறக்க வேண்டாம். இன்றைக்கு ஒரு இந்திய சிம்மை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

எண் இப்போது அடையாள அட்டை

பேசுவதற்கு வாட்ஸ்அப் இருக்கிறது, வைஃபை இருக்கிறது. ஆனால் வங்கி அனுப்புகிற ஓடிபி பொதுவாக வைஃபையில் வராது. இந்தியக் கார்டில் டிக்கெட் போட, வீட்டுக்குப் பணம் அனுப்ப, எல்லாவற்றுக்கும் அந்தப் பத்து இலக்க எண்ணுக்குச் செய்தி வர வேண்டும். ஆதாரில் வெளிநாட்டு எண்ணைச் சேர்க்கவும் முடியாது. இந்திய எண் மட்டும்தான். ஆக, அந்த ப்ரீபெய்டு எண் ஃபோன் நம்பர் என்பதைத் தாண்டி ஒரு கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. ஊரை விட்டுப் பத்து வருஷமான சபராளிகூட ஊர் எண்ணை விட முடியாமல் வைத்திருப்பது இதனால்தான்.

இந்த ஓடிபி வராமல் போகிற இடங்களில் பாதிக்கு மேல் ஒரே குழப்பத்தில் வந்து நிற்கும். "சர்வதேச ரோமிங்" ஒன்று, "டேட்டா ரோமிங்" வேறு ஒன்று. முதலாவது நிறுவனத்தின் பக்கம் இருக்கிற அனுமதி. ஆப்பிலோ வாடிக்கையாளர் சேவையிலோ திறக்க வேண்டும். இரண்டாவது நம் ஃபோன் செட்டிங்கில் இருக்கிற ஒரு சுவிட்ச். முதலாவது திறந்திருந்து இரண்டாவது மூடியிருந்தால், செய்தி வரும், டேட்டா ஓடாது. வேண்டியது இதுதான். பலர் காசு போய்விடுமே என்ற பயத்தில் முதலாவதைத் திறக்காமலே விமானம் ஏறிவிடுகிறார்கள். இரண்டாவதை மட்டும் அங்கே போய்த் திறந்து மூடித் திறந்து பார்க்கிறார்கள். அங்கே சிக்னல் கோடே வராது. இன்னும் சிலர் ஏரோபிளேன் மோடைப் போட்டு வைஃபையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ஓடிபிக்குக் காத்திருப்பார்கள். அந்த மோடில் பொதுவாக சிம் தூங்குகிறது, செய்தி எப்படி வரும்?

சர்வதேச ரோமிங்கை இந்தியாவில் இருக்கும்போதே திறந்துவிட வேண்டும். அங்கே போன பிறகு திறக்கலாம் என்றால், திறப்பதற்கே ஒரு ஓடிபி கேட்கும்.

யுபிஐ விஷயமும் இதையொட்டித்தான். புது ஃபோனில் யுபிஐ ஆப்பை நிறுவினால், அது நம் சிம்மிலிருந்து தானாக ஒரு செய்தி அனுப்பிச் சோதிக்கும். அது வெளியே போகிற செய்தி. ரோமிங்கில் காசு உண்டு, இருப்பு வேண்டும். அதனால் ஃபோன் மாற்றுகிற எண்ணம் இருந்தால் பயணத்துக்கு முன்பே மாற்றி ஆப்பையும் சரிபார்த்துக்கொள்வது உத்தமம். வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023 ஜனவரியில் வழி பிறந்தது. முதல் பட்டியலில் பத்து நாடுகள்: சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், அமெரிக்கா, சவூதி அரேபியா, அமீரகம், பிரிட்டன். இந்தக் கரைக்காரர்கள் அதிகமாக இருக்கிற இடங்களில் மலேசியா அதில் இல்லை, பிறகுதான் சேர்ந்தது. குவைத், பஹ்ரைன், இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

இலங்கைக்குப் போகிறவருக்கு வேறொரு வசதி. 2024 பிப்ரவரி 12 முதல் அங்கே யுபிஐ மூலம் கடையில் பணம் செலுத்தலாம். அதற்கு ஆப்பில் சர்வதேசப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இந்திய சிம் ஃபோனிலேயே இருக்க வேண்டும். டேட்டா எங்கிருந்தாவது வர வேண்டும். ஒரு பக்கம் இந்திய சிம், இன்னொரு பக்கம் உள்ளூர் சிம், டேட்டா உள்ளூர் சிம்மில்: இரண்டு சிம் போடுகிற ஃபோன் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

சிம்மை உயிரோடு வைத்திருப்பது

பதினைந்து நாள் பயணம் போகிறவருக்கு இது கவலையில்லை. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போகிறவருக்குத்தான்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி என்ன சொல்கிறது? ப்ரீபெய்டு எண் 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடந்தால்தான் அதைத் துண்டிக்கலாம். 90 நாள் முடியும்போது கணக்கில் 20 ரூபாய் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிப்பார்கள். இருப்பு இருக்கிறவரை இப்படியே போகும். துண்டித்த பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. இதைக் கேட்டுவிட்டு, "இருபது ரூபாய் இருந்தால் போதுமாம்" என்று நிம்மதியாகப் போகிறார்கள். எண் கையை விட்டுப் போகாமல் இருப்பது வேறு, அதில் செய்தி வருவது வேறு. ரீசார்ஜ் செல்லுபடிக் காலம் முடிந்தால், எண் பெயரளவில் நம்முடையதாக இருந்தும் சேவை நின்றுவிடும். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் இன்கமிங் என்று லைஃப்டைம் சிம் விற்ற காலம் மலையேறிவிட்டது. 2018 கடைசியிலிருந்து இன்கமிங்குக்கே மாதாமாதம் ஏதாவது போட வேண்டும் என்றாகிவிட்டது. இதற்கு மேல் ரோமிங் பேக்கும் பெரும்பாலும் ஊர் ரீசார்ஜ் செல்லுபடியாக இருந்தால்தான் வேலை செய்யும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம், அந்தப் பொறி. துபாயில் இருக்கிற பையனின் ஊர் எண் காலாவதியாகிவிட்டது. ரீசார்ஜ் செய்யலாம் என்று ஆப்பைத் திறக்கிறான். இந்தியக் கார்டில் பணம் கட்ட ஓடிபி கேட்கிறது. ஓடிபி போக வேண்டிய எண் காலாவதியான அதே எண். இதிலிருந்து வெளியே வர இந்தக் கரையில் வெகுநாளாகவே ஒரு வழி இருக்கிறது. கீழக்கரைக் கடைத்தெருவில் ரீசார்ஜ் கடைக்கு வருகிற உம்மாவின் கையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். எண்கள் பால்பாயின்ட் பேனாவில் பெரிசு பெரிசாக எழுதியிருக்கும், பக்கத்தில் "மூத்தவன்", "மருமகன்". "தம்பி, மூத்தவன் நம்பருக்குப் போட்டு விடுங்க. ஓடிபி வரலையாம்." கடைக்காரர் எண்ணைத் தட்டி, நோட்டோடு ஒருதரம் ஒப்பிட்டு, ரொக்கத்தை வாங்கிப் போட்டுக்கொள்வார். எந்த ஆப்பையும்விட நம்பகமான ஏற்பாடு என்றுதான் சொல்வேன்.

மாதாமாதம் அலைய வேண்டாம் என்றால் 2024 டிசம்பரில் வந்த மாற்றம் உதவும். டேட்டா இல்லாமல், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக்கை நிறுவனங்கள் தந்தாக வேண்டும் என்று டிராய் விதி கொண்டுவந்தது. சிறப்பு ரீசார்ஜ்களின் உச்சக் காலத்தையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. வயசான பெற்றோருக்காக வந்தது போலத் தெரிந்தாலும், சபராளிக்கு இதைவிடப் பொருத்தமான பேக் இல்லை. ஊர் டேட்டா அவனுக்கு எதற்கு? ஓடிபிதானே வேண்டும்.

விட்டுப்போன எண் 90 நாள் வரை யாருக்கும் போகாது. அதன் பிறகு புது ஆளுக்குப் போகலாம். வங்கியில் எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால், உங்கள் கணக்கு விவரம் முகம் தெரியாத ஒருவர் ஃபோனில் போய் விழும்.

இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் வைத்துவிட்டு, இந்திய எண்ணிலேயே வாட்ஸ்அப் ஓட்டுகிற பழக்கம் வளைகுடாவில் சகஜம். 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, பதிவுசெய்த சிம் ஃபோனில் இருந்தால்தான் செய்திச் செயலிகள் இயங்க வேண்டும் என்று அந்த நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சிம்மை ஃபோனுக்குள்ளேயே வைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

உள்ளூர் சிம்

இரண்டு மூன்று நாளுக்கு மேல் தங்கினால் பேச்சுக்கும் டேட்டாவுக்கும் அந்த நாட்டு ப்ரீபெய்டு சிம்தான் கட்டும். கொழும்பு போகிறவருக்கு இது சுலபம்: கட்டுநாயக்க விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன்பே சிம் கவுண்டர்கள் இருக்கின்றன, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். பணம் தீர்ந்தால் பெட்டிக்கடையில் "ரீலோட்" என்று கேட்டால் போட்டுவிடுவார்கள். தமிழிலேயே பேசி வாங்கலாம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் தொடங்கிய பிறகு அந்த வழியாகவும் போகிறார்கள். கப்பலில் போகும்போது நடுவில் சிக்னல் ஒரு கரையை விட்டு மறு கரைக்குத் தாவும் என்பதால், ஏறும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். பெரிய சுற்றுலாக் கப்பல்களிலும் சில விமானங்களிலும் செயற்கைக்கோள் வழியாக ஓடும் மொபைல் நெட்வொர்க் இருக்கும். பெரும்பாலான நாட்டுப் பேக்குகளில் அது அடங்காது. அடங்குகிற பேக் இல்லாவிட்டால் அங்கே ஏரோபிளேன் மோடுதான் வழி.

சவூதியில் 2016 முதல் சிம் வாங்க விரல்ரேகை வைக்க வேண்டும். உம்ராவுக்குப் போகிற பெரியவர்கள் சிலருக்கு இது ஒரு பாடு. வலை இழுத்தும் ஓலை முடைந்தும் தேய்ந்த விரல், ஊர் ரேஷன் கடை இயந்திரத்திலேயே ரேகை விழாத கை. குழுவில் இளவயசுக்காரர் ஒருவர் சிம் வாங்கி, ஹாட்ஸ்பாட்டில் மற்றவர்களுக்கு டேட்டா கொடுப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. சிங்கப்பூரில் ஒருவர் மூன்று ப்ரீபெய்டு சிம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு இருக்கிறது. கூட வந்தவர்களுக்கெல்லாம் ஒருவர் பாஸ்போர்ட்டிலேயே வாங்கிக் கொடுப்போம் என்பது அங்கே செல்லாது.

அமீரகத்தில் வேறு கணக்கு. உள்ளூர் சிம்மில் வாட்ஸ்அப் செய்தி போகும், வாட்ஸ்அப் அழைப்பு போகாது. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். அதே துபாயில் இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவில் வாட்ஸ்அப் அழைப்பு பொதுவாகப் போய்விடுகிறது. ஏன் என்றால், ரோமிங் டேட்டா அந்த நாட்டில் இணையத்துக்குள் நுழைவதில்லை. முதலில் இந்திய நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்துக்குள் போகிறது. நீங்கள் துபாயின் தேரா பகுதியில் உட்கார்ந்திருந்தாலும் இணையத்தின் கண்ணுக்கு இந்தியாவில் இருக்கிறீர்கள். ரோமிங்கில் எல்லாம் கொஞ்சம் மந்தமாக வருவதற்கும் இந்தச் சுற்றுதான் காரணம். குறுகிய பயணம் போய், தினம் வீட்டாரோடு வீடியோவில் பேச வேண்டும் என்பவருக்கு அமீரகத்தில் மட்டும் ரோமிங் பேக் நியாயமான விலையாகப் படலாம். வீடியோ பேசினால் பேக் கரையும் வேகத்தையும், குடும்பக் குரூப்பில் கல்யாண வீடியோக்கள் தானாக இறங்குவதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். தானாக இறங்குவதையாவது அணைத்துவிடலாம்.

எந்த ஃபோன், யார் பெயர்?

வாப்பா வைத்திருக்கிற பட்டன் ஃபோனை சிங்கப்பூருக்குக் கொடுத்து அனுப்பினால் அது அங்கே கடிகாரமாகத்தான் பயன்படும். சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் 2ஜியை மூடிவிட்டது. 2024இல் 3ஜியையும் மூடிவிட்டது. 4ஜியில் பேசத் தெரிந்த ஃபோன்தான் வேண்டும், செட்டிங்கில் வோல்ட்டி என்கிற 4ஜி பேச்சு வசதி திறந்திருக்க வேண்டும். மலேசியா மாறாக 3ஜியை 2021 முடிவில் மூடிவிட்டு 2ஜியை வைத்துக்கொண்டது. மலேசிய எல்லை ஊரான ஜோகூர்பாருவில் மணி அடிக்கிற அதே பட்டன் ஃபோன் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டினால் ஊமையாகிவிடும்.

ஃபோனில் இருக்கிற எண்களையெல்லாம் +91 போட்டுச் சேமித்திருக்கிறீர்களா என்றும் பார்க்க வேண்டும். வெறும் பத்து இலக்கமாக இருந்தால், வெளிநாட்டு நெட்வொர்க் அதைத் தன் உள்ளூர் எண்ணாக நினைத்துக்கொள்ளும். +91 போட்டுவிட்டால் ஊரிலும் அப்படியே வேலை செய்யும், மாற்ற வேண்டியதில்லை.

கடைசியாக, சிம் யார் பெயரில் இருக்கிறது? இந்தப் பக்கம் இது பெரிய விஷயம். பத்தாம் வகுப்பில் வாப்பா பெயரிலோ மாமா பெயரிலோ வாங்கிய சிம்மையே பலர் வேலைக்குப் போன பிறகும் வைத்திருக்கிறார்கள். ஷார்ஜாவில் ஃபோன் தொலைந்தால், புது சிம் எடுக்கப் பெயருக்கு உரியவர் நேரில் போக வேண்டும். வாப்பா ஊரில் இருந்தால் அது வசதிதான்: அவர் போய் வாங்கி, வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பலாம். எண் உங்கள் பெயரிலேயே இருந்து நீங்கள் ஷார்ஜாவில் மாட்டிக்கொண்டால் ஊருக்கு வருகிறவரை காத்திருக்க வேண்டும். ஆனால் மாமா பெயரில் இருந்து, மாமாவோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் இரண்டும் இல்லை. புது சிம் போட்ட முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு. புறப்படுகிற நாளுக்கு முதல் நாள் சிம்மை மாற்றினால், விமான நிலையத்தில் ஓடிபி வராது. கார்டு இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே பதிகிற இ-சிம்முக்கு மாறுவதையும் இதே கணக்கில், ஊரில் இருக்கும்போதே ஒரு வாரம் முன்னதாக முடித்துவிட வேண்டும். இ-சிம்மில் கழற்றித் தொலைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஃபோனே உடைந்தால், அந்த எண்ணை வேறு ஃபோனில் ஏற்ற மறுபடி நிறுவனத்தின் வாசலுக்குத்தான் போக வேண்டும். நீண்டகாலம் போகிறவர் வங்கியில் பதிந்த ஃபோன் எண்ணைப் பிளாஸ்டிக் சிம்மில் வைத்துக்கொண்டு, போகிற நாட்டு டேட்டாவை இ-சிம்மில் வாங்கிக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.